இடுக்கி ஈக்கள்: மூன்றே உறவினர் எஞ்சிய ஒரு பூச்சிக் குடும்பம்

முன்னுரை

ஈப்போவிலிருந்து மெங்லெம்பு வழியாகப் போகும் சாலையில் லகாட் என்னும் சிற்றூர் உள்ளது. ஈய லம்பங்களாலும் கித்தாத் தோட்டங்களாலும் பெயர் பெற்ற கிந்தா பள்ளத்தாக்கின் ஒரு பகுதி அது. மேற்கே கிளெடாங் மலைத்தொடர் தெரியும். என் தாத்தா அங்கே இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தோட்டம் துண்டு துண்டாகி வீடமைப்புத் திட்டங்கள் வந்த பிறகு, தோட்டத்து லயத்தை விட்டு ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். வீட்டின் பின்புறம் ஒரு சிறு கித்தாத் துண்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. மரங்களை வெட்ட ஆள் இல்லை. கீழே புதர் மண்டிக் கிடக்கிறது.

சென்ற ஆண்டுப் பருவ விடுமுறையில் அங்கே தங்கியிருந்தேன். உயிரியல் மாணவியான நான் அந்தப் பருவத்தில் பூச்சியியல் பாடம் எடுத்திருந்தேன். ஒருநாள் மாலை தாத்தா, "என்னம்மா அப்படி விழுந்து விழுந்து படிக்கிற?" என்று கேட்டார்.

"பூச்சிங்களைப் பத்தி தாத்தா. மெரோப்பிடேன்னு ஒரு குடும்பம்."

"தமிழ்ல சொல்லும்மா."

எனக்கு வாய் வரவில்லை. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை முட்டை, புழு, கூட்டுப்புழு என்று தமிழில் படம் வரைந்து பாகம் குறித்தவள். அதன் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, அங்கே மலாய். பல்கலைக்கழகம் வந்தபின் மலாயும் ஆங்கிலமும். அறிவு வளர்ந்த அளவுக்கு அதைச் சொல்லும் தமிழ் என்னிடம் வளரவில்லை. பன்னிரண்டு வயதில் தமிழில் விளக்கத் தெரிந்த எனக்கு இருபத்திரண்டு வயதில் தெரியவில்லை. அன்று தாத்தாவுக்குச் சொல்ல முடியாமற்போன பதிலே இக்கட்டுரை.

தேள் ஈ என்றால் என்ன?

பூச்சி உலகம் மிகப் பெரியது. வண்டுகளில் மட்டும் ஏறக்குறைய நான்கு இலட்சம் சிற்றினங்கள் பெயரிடப்பட்டுள்ளன. அந்த உலகில் மேகோப்டெரா என்னும் வரிசை மிகச் சிறியது. அதில் ஏறக்குறைய 600 சிற்றினங்களே உள்ளன. மேகோப்டெரா என்றால் கிரேக்கத்தில் 'நீண்ட இறகு' என்று பொருள். இவற்றைத் தேள் ஈக்கள் என்று சொல்லலாம்.

இப்பெயரில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. முதலாவது, இவை தேளைப் போல் கொட்டுவதில்லை. பனோர்ப்பிடே என்னும் குடும்பத்தின் ஆண் பூச்சிக்கு வயிற்றின் நுனி சிவந்து பருத்து, தேளின் கொடுக்கைப் போல மேல்நோக்கி வளைந்திருக்கும். அது கொடுக்கு அன்று; இனப்பெருக்க உறுப்பு. இரண்டாவது, இவை ஈக்களும் அல்ல. உண்மையான ஈக்களுக்கு இரண்டே இறகுகள். தேள் ஈக்களில் இறகுள்ளவற்றுக்கு நான்கு.

தேள் ஈக்களுக்கு நல்ல அடையாளம் முகம். பெரும்பாலானவற்றின் முகம் குதிரை முகத்தைப் போலக் கீழ்நோக்கி நீண்டு, அதன் நுனியில் கடிக்கும் வாயுறுப்புகள் அமைந்திருக்கும். வண்ணத்துப்பூச்சியைப் போலவே முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என நான்கு பருவங்கள் இவற்றுக்கு உண்டு. அதாவது முழு உருமாற்றம்.

இன்று உயிரோடுள்ள தேள் ஈக்களை ஒன்பது குடும்பங்களாகப் பிரிப்பது வழக்கம். இவற்றுள் இரண்டு பெரிய குடும்பங்களிலேயே பெரும்பாலான சிற்றினங்கள் அடங்கிவிடுகின்றன. ஒன்று, மேலே சொன்ன பனோர்ப்பிடே. இதைச் சேர்ந்த நியோபனோர்ப்பா என்னும் பேரினம் தென்னிந்திய மலைகள் முதல் சீனா, சாவகம் வரை குளிர்ந்த ஈரமான காடுகளில் பரவியுள்ளது.

மற்றொன்று பிட்டாசிடே. இவை முன்னங்கால்களால் செடியில் தொங்கிக்கொண்டு, பின்னங்கால்களால் இரையைப் பிடிக்கும் வேட்டைக்காரப் பூச்சிகள். ஆண் தான் பிடித்த இரையைப் பெண்ணுக்குச் சீராகக் கொண்டுவரும். அமெரிக்க ஆய்வாளர் ராண்டி தார்ன்ஹில் 1970-களில் இவற்றை நுணுகிக் கவனித்தார். இரை சிறிதாக இருந்தால் பெண் விரைவிலேயே விலகிவிடுகிறது என்றும், சில ஆண்கள் பெண்ணைப் போல நடித்து வேறோர் ஆணின் இரையைப் பறித்துக்கொள்கின்றன என்றும் அவர் எழுதினார். சீர்வரிசையில் குறை கண்டால் கோபித்துக்கொள்ளும் வழக்கம் நம் கலியாண வீடுகளுக்கு மட்டும் உரியதன்று போலும்!

எஞ்சிய குடும்பங்கள் மிகச் சிறியவை. சிலி நாட்டுக் காடுகளில் வாழும் ஒரு தேள் ஈ ஒற்றை ஆளாய் ஒரு குடும்பத்தைத் தாங்கி நிற்கிறது. தாஸ்மேனியாவில் இறகே இல்லாத ஒரு குடும்பம் உண்டு. குளிர்நாடுகளில் பனியின்மீது குதித்துத் திரியும் குடும்பமும் உண்டு. 2020-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, நாய் பூனைகளின் உடலில் ஒட்டிவாழும் தெள்ளுப்பூச்சிகளும் தேள் ஈக்களின் வழியில் வந்தவையே என்று கூறியது. இச்சிறு குடும்பங்களுள் ஒன்றுதான் மெரோப்பிடே.

மூன்றே உறவினர்

மெரோப்பிடே குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பதாக அறியப்பட்ட சிற்றினங்கள் மூன்று.

முதலாவது, மெரோப்பே டியூபர். இதற்கு 1838-இல் பெயரிட்டவர் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் எட்வர்ட் நியூமன். இது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், தென் கனடா முதல் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் வரை வாழ்கிறது. மெரோப்பே என்பது கிரேக்கப் புராணத்தில், நாம் கார்த்திகை என்று அழைக்கும் விண்மீன் கூட்டத்துப் பெண்களுள் ஒருத்தியின் பெயருமாகும்.

இரண்டாவது, ஆஸ்ட்ரோமெரோப்பே பொல்டனி. 1933-இல் கில்லிங்டன் என்பவர் பெயரிட்டார். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் மட்டும் வாழ்கிறது.

மூன்றாவது, ஆஸ்ட்ரோமெரோப்பே பிரேசிலியென்சிஸ். 2013-இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் பெயரிட்டனர். அந்நாட்டின் அட்லாண்டிக் காட்டிலிருந்து கிடைத்தது.

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே 95 ஆண்டுகள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 80 ஆண்டுகள். ஏறக்குறைய நூற்றாண்டுக்கு ஒருவராக இக்குடும்பம் நமக்கு அறிமுகமாகியிருக்கிறது.

தோற்றத்தைப் பார்ப்போம். மெரோப்பே டியூபரின் உடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம். பழுப்பு மஞ்சள் நிறம். உடல் தட்டையானது. அகன்ற நான்கு இறகுகளையும் முதுகின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்திருக்கும். இறகு முழுவதும் வலை பின்னியதுபோல் நரம்புகள் நெருங்கியிருக்கும். மற்றத் தேள் ஈக்களைப் போல முகம் அவ்வளவு நீண்டிருப்பதில்லை. ஆணின் வயிற்று நுனியில், வயிற்றின் நீளத்துக்கு ஈடு சொல்லக்கூடிய ஒரு பெரிய இடுக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இந்த இடுக்கியை வைத்தே இவற்றை 'இடுக்கி ஈ' என்று இக்கட்டுரையில் அழைக்கிறேன். தமிழில் இதற்கு முன் பெயரைக் கண்டிலேன்; ஆதலால் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டேன்.

பகலில் இவை கல்லுக்கும் விழுந்த மரத்துக்கும் அடியில் ஒளிந்திருக்கும். இரவில்தான் நடமாட்டம். சில வேளைகளில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். முன்னிறகின் அடிப்பகுதியை மார்பின் மேற்பகுதியோடு உரசி ஒலி எழுப்பக்கூடியவை என்று 1982-இல் கனடாவில் வெளிவந்த ஓர் ஆய்வு தெரிவித்தது. ஆனால் 1838-இல் பெயர் பெற்ற இப்பூச்சியின் புழுப்பருவத்தை, ஒன்றரை நூற்றாண்டு கடந்த பிறகும் ஒருவரும் இயற்கையில் கண்டு விவரிக்கவில்லை. பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் சூழ்ந்த ஒரு நிலப்பகுதியில், வீட்டுத் தோட்டங்களிலும் தோப்புகளிலும் வாழும் ஒரு பூச்சியின் குழந்தைப் பருவம் இவ்வளவு காலம் மறைந்திருந்தது என்பது எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது.

இடுக்கி ஈயும் இடுக்கிவால் பூச்சியும்

"இடுக்கி வைத்த பூச்சியை நாங்கள் பார்த்திருக்கிறோமே!" என்று வாசகர் சொல்லலாம். பூத்தொட்டியைத் தூக்கினால் ஓடும் கரும்பழுப்புப் பூச்சி, குளியலறை ஈரத்தில் தென்படுவது, காதுக்குள் புகுந்துவிடும் என்று பாட்டிமார் பயமுறுத்துவது, அதைத்தானே சொல்கிறீர்கள்? அன்று. அது வேறு வரிசை. அதை இங்கே இடுக்கிவால் பூச்சி என்று சொல்லிக்கொள்வோம். (அது காதைத் தேடிப் புகுவதில்லை. ஈரமும் இருளும்தான் அதற்கு வேண்டும்.)

இரண்டையும் பிரித்தறிய நான்கு கேள்விகள் போதும்.

1. இறகு எப்படி? இடுக்கிவால் பூச்சியின் முன்னிறகு தோல் போலக் குட்டையானது. வயிற்றின் பெரும்பகுதி வெளியே தெரியும். இடுக்கி ஈயின் நான்கு இறகுகளும் மெல்லியவை, அகன்றவை, வயிற்றை மூடியிருக்கும்.

2. இடுக்கி யாருக்கு? இடுக்கிவால் பூச்சியில் ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு. இடுக்கி ஈயில் ஆணுக்கு மட்டுமே.

3. இடுக்கி எதனால் ஆனது? முன்னதில் அது வயிற்று நுனியின் வாலுறுப்பு. பின்னதில் ஆணின் இனப்பெருக்க உறுப்பின் பற்றும் பகுதி நீண்டது.

4. வளர்ச்சி எப்படி? முன்னது அரை உருமாற்றம். குஞ்சு தாயைப் போலவே இருக்கும். பின்னது முழு உருமாற்றம்.

ஆக, ஒத்த தோற்றம் உறவைக் காட்டுவதில்லை. வேலை ஒன்றாக இருக்கும்போது வெவ்வேறு வழியில் வந்த உயிர்கள் ஒரே கருவியை அமைத்துக்கொள்வதுண்டு. நண்டின் இடுக்கியும் தேளின் இடுக்கியும் போல.

கண்டங்கள் பிரிந்த கதை

இனி ஒரு புதிருக்கு வருவோம். பிரேசிலில் உள்ள இடுக்கி ஈக்கு மிக நெருங்கிய உறவு, அதே அமெரிக்கப் பெருநிலத்தின் வட பகுதியில் உள்ள மெரோப்பே அன்று; பெருங்கடல்களைக் கடந்து மேற்கு ஆஸ்திரேலியாவில் இருப்பதே. இரண்டும் ஒரே பேரினம். ஒரு சென்டிமீட்டர் பூச்சி எப்படிக் கடல் தாண்டியது?

பூச்சி தாண்டவில்லை, நிலம்தான் பிரிந்தது. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவை ஒரு காலத்தில் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இருந்தன. இப்பெயர் நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நிலப்பகுதியின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. அவர்கள் பேசும் கோண்டி மொழி தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெருநிலம் உடைந்து விலகியபோது, அதன்மேல் வாழ்ந்த உயிர்களும் பிரிந்து போயின. தோட்டம் துண்டாடப்பட்டபோது ஒரே லயத்தில் இருந்த குடும்பங்கள் ஒன்று கிள்ளானுக்கும் ஒன்று ஜொகூருக்கும் போனதுபோல என்று தாத்தாவுக்கு விளக்கினேன். உடனே புரிந்துகொண்டார்.

ஆனால் கோண்டுவானா மட்டும் இக்குடும்பத்தின் கதையை முழுவதும் சொல்லிவிடாது. மெரோப்பே வட அமெரிக்காவில் இருக்கிறதே! இதற்கு விடை தருபவை புதைபடிவங்கள். சைபீரியாவின் ஜுராசிக் காலப் பாறையிலிருந்து போரியோமெரோப்பே என்னும் படிவம் கிடைத்துள்ளது. மியன்மாரின் வட பகுதியில் கிடைக்கும் அம்பரிலிருந்து பர்மோமெரோப்பே என்னும் பூச்சியை 2013-இல் கிரிமால்டி, எங்கெல் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்தனர். அந்த அம்பரின் வயது ஏறக்குறைய 9 கோடியே 90 இலட்சம் ஆண்டுகள்.

அம்பர் என்பது மரப்பிசின் இறுகிக் கல்லானது. இதை விளக்கவும் தோட்டமே உதவியது. மரம் வெட்டிய கோட்டில் மறுநாள் காலை ஒட்டுப்பால் காய்ந்திருக்கும். அதை உரிக்கும்போது எறும்பும் கொசுவும் அதில் ஒட்டிக் கிடக்கும். மங்கில் உறைந்த பாலிலும் அப்படித்தான். பாலும் பிசினும் ஒன்றல்ல; எனினும் பூச்சி சிக்கும் விதம் ஒன்றே. "நான் உரிச்சுக் கூடையில போட்ட ஒட்டுப்பாலுக்குள்ள எத்தனை பூச்சி இருந்திருக்கும்!" என்றார் தாத்தா. அத்தகைய ஒரு துளிப் பிசினில் சிக்கிய பூச்சியால்தான், இக்குடும்பத்துக்கு ஆசியாவிலும் ஒரு காலத்தில் வீடு இருந்தது என்று நாம் அறிகிறோம்.

எனவே முடிவு இது: இடுக்கி ஈக்கள் ஒரு காலத்தில் வடக்கிலும் தெற்கிலும் பரந்து வாழ்ந்த பழங்குடும்பம். காலப்போக்கில் ஆசியக் கிளை மறைந்தது, மற்றவை சுருங்கின. இன்று உலகின் மூன்று மூலைகளில் ஒவ்வொன்றாக எஞ்சியுள்ளன. இவ்வாறு எஞ்சியவற்றை எச்ச உயிர்கள் எனலாம்.

அரியதா? அறியப்படாததா?

மெரோப்பே டியூபரை மிக அரிய பூச்சி என்றே நெடுங்காலம் எண்ணினர். பின்னர் ஒரு கருவி அந்த எண்ணத்தை மாற்றியது. அதன் பெயர் மாலேஸ் பொறி. பெயரைக் கேட்டு நம் நாட்டை நினைத்துவிட வேண்டா! ரெனே மாலேஸ் என்பவர் சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர். கூடாரத்தில் தங்கியிருந்தபோது, உள்ளே நுழைந்த பூச்சிகள் மேல்நோக்கியே ஏறி, கூரை மூலையில் கூடுவதை அவர் கவனித்தார். அந்த மூலையில் ஒரு குப்பியை வைத்தால் என்ன? இதுவே அவருடைய எண்ணம். கூடாரம் போன்ற வலைப்பொறி ஒன்றைச் செய்து, 1934-இல் பர்மாவில் மேற்கொண்ட பயணத்தில் சோதித்தார். 1937-இல் அதைப் பற்றி எழுதினார்.

ஆள் நின்று துரத்தாமல் இரவும் பகலும் தானே பிடிக்கும் இப்பொறிகளைப் பல இடங்களில் கட்டிய பிறகு, மெரோப்பே எதிர்பாராத ஊர்களிலும் விழத் தொடங்கியது. பூச்சி அப்போது புதிதாகப் பெருகவில்லை. முன்பும் இருந்தது, தேடிய முறைதான் அதற்குப் பொருந்தவில்லை.

பிரேசில் கதையும் இதையே சொல்கிறது. அட்லாண்டிக் காட்டின் பெரும்பகுதி தோட்டங்களுக்காகவும் நகரங்களுக்காகவும் அழிக்கப்பட்டுவிட்டது. எஞ்சிய துண்டுகளில் ஒன்றிலிருந்துதான், கோண்டுவானா காலத்து உறவைச் சுமந்த ஒரு பூச்சி 2013-இல் வெளிப்பட்டது. அத்துண்டும் போயிருந்தால், தென் அமெரிக்காவில் இக்குடும்பமே இல்லை என்று நம் பாடநூல்கள் இன்றும் எழுதிக்கொண்டிருக்கும். அப்படி எழுதியவர்மீது யாரும் குறை சொல்லவும் முடியாது.

லகாட்டில் ஓர் இரவு

இதையெல்லாம் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மெரோப்பே கிந்தாவில் இருக்கும் என்று நான் நம்பவில்லை. தேள் ஈக்கள் விரும்பும் குளிர்மலையும் லகாட் அன்று. ஆயினும் பாடத்தில் கற்ற முறையை ஓர் இடத்தில் செய்து பார்க்க வேண்டும் என்னும் ஆவல். பின்புறக் கித்தாத் துண்டை அடுத்த ஆண்டுக்குள் மட்டம் தட்டப் போகிறார்கள் என்று தாத்தா சொல்லியிருந்தார்.

தாத்தாவின் வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டு மரங்களுக்கு இடையே கட்டினோம். முன்னால் ஒரு விளக்கு. இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். பழைய மரங்களில் கோடுகளின் தழும்பு விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. தாத்தா ஒரு மரத்தைத் தொட்டு, "இது என் நெறைதான்" என்றார்.

வந்தவற்றைக் குறித்துக்கொண்டேன். அந்துப்பூச்சிகள் எண்ண முடியாத அளவு. ஈசல். சிறு வண்டுகள். ஒரு கும்பிடுபூச்சி. இடுக்கிவால் பூச்சிகள் நான்கு. மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் கேட்டுப் பார்த்துத்தான் எழுதினேன். ஒன்பதரை மணிக்கு நீண்ட கால்களுடன் ஒரு பூச்சி வேட்டியின் ஓரத்தில் தொங்கியது. என் நெஞ்சு படபடத்தது. பிட்டாசிடேயோ? குனிந்து இறகை எண்ணினேன். இரண்டே இறகுகள், பின்னிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரு சிறு உறுப்புகள். அது நீள்கால் ஈ. உண்மையான ஈ வகை. தேள் ஈ அன்று.

தாத்தா கேட்டார்: "நீ தேடுறது வந்துச்சா?"

"இல்ல தாத்தா."

"ஒரு ராத்திரிதானே உக்காந்த? இந்தக் காட்டுல நான் நாப்பது வருசம் நடந்திருக்கேன். இந்தப் பூச்சிங்கள்ல பாதியை இன்னைக்குத்தான் பாக்குறேன். காலையில மரத்தைப் பாப்போம், கோட்டைப் பாப்போம், மங்கைப் பாப்போம். பூச்சியை யாரு பாத்தா?"

குறிப்பேட்டில் 'தேள் ஈ இல்லை' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, 'ஓர் இரவு, மூன்று மணி நேரம், ஒரு விளக்கு. தேள் ஈ வரவில்லை' என்று திருத்தினேன். அறிவியலில் இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றல்ல. முதலாவது ஒரு முடிவு. அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இரண்டாவது ஒரு பதிவு. அடுத்து வருபவர் அதன்மேல் கட்டலாம். அந்த மண்ணை மட்டம் தட்டிய பிறகு, முதல் வாக்கியத்தைச் சரிபார்க்க எவராலும் இயலாது. இரண்டாவது அப்போதும் உண்மையாகவே இருக்கும்.

பெயர் வைப்பது யார்?

பூச்சிகளைத் தேடிச் சேர்க்கும் பணி தமிழருக்குப் புதிதன்று. காரைக்காலை அடுத்த குரும்பகரத்தைச் சேர்ந்த பி. சூசைநாதன் என்பவர் சென்ற நூற்றாண்டில் தென்னிந்தியச் சமவெளிகளிலும் ஆனைமலை முதலிய மலைகளிலும் அலைந்து பூச்சிகளைச் சேர்த்து, வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் அனுப்பினார். அவரைச் சிறப்பித்து 'நாதனி' என்னும் பெயர் பல பூச்சிகளுக்குச் சூட்டப்பட்டுள்ளது. அருங்காட்சியகப் பெட்டிகளில், குண்டூசியில் குத்திய சிறு சீட்டுகளில், குரும்பகரம் என்னும் ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்தில் இன்றும் இருக்கிறது.

தமிழர் கை சேர்த்தது. தமிழர் பெயரும் ஏறியது. ஆனால் அப்பூச்சிகளைப் பற்றித் தமிழில் பேசச் சொற்கள் குறைவு. சொல் இல்லை என்றால் அறிவு வராது என்று நான் சொல்ல வரவில்லை. நான் மலாயிலும் ஆங்கிலத்திலும் நன்றாகவே கற்றேன், அதற்காக நன்றியுடையவள். ஆனால் சொல் இல்லாதபோது, அறிவு ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்கு வீட்டுக்குள் நடந்து போக முடிவதில்லை. தாத்தாவுக்கு மரமும் மண்ணும் தெரியும். எனக்கு வகைப்பாடு தெரியும். இருவரும் ஒரே வேட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தும், இடையில் ஒரு சொல் வேண்டியிருந்தது.

அறிவியல் பெயரை மாற்ற வேண்டும் என்பதன்று என் கருத்து. மெரோப்பே டியூபர் உலகம் முழுவதும் மெரோப்பே டியூபர்தான். அதனால்தான் பிரேசில் ஆய்வாளரும் கனடா ஆய்வாளரும் ஒரே பூச்சியைப் பற்றிப் பேச முடிகிறது. அதனோடு பேச்சுக்கு ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கட்டும். அப்பெயர் உருவத்தைக் காட்ட வேண்டும். வாயில் எளிதில் வர வேண்டும். தவறான உறவைக் கற்பிக்கக் கூடாது. இந்த மூன்றாவது அளவுகோலில் என் 'இடுக்கி ஈ' தோற்றுவிடும், ஏனெனில் அது ஈ அன்று. இதைவிட நல்ல பெயர் தோன்றும் வாசகர் அதைத் தந்தால் மகிழ்வேன்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். தேள் ஈக்கள் ஏறக்குறைய 600 சிற்றினங்கள் கொண்ட சிறு வரிசை. அதனுள் மெரோப்பிடே மூன்றே சிற்றினங்கள் கொண்ட குடும்பம். வட அமெரிக்கா, மேற்கு ஆஸ்திரேலியா, பிரேசில் ஆகிய மூன்று இடங்களில் வாழ்கிறது. ஜுராசிக் காலம் தொட்டு இருந்த இக்குடும்பம் ஒரு காலத்தில் நமக்கு அண்மையிலுள்ள மியன்மாரிலும் வாழ்ந்தது. அரியது என்று எண்ணப்பட்ட மெரோப்பே, தேடும் முறை மாறியதும் பல இடங்களில் கிடைத்தது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து அறிவியல் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் படிக்கும் பாடத்திலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்து, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் தடுக்கி விழுகிறீர்களோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு, தோட்டத்தில் பூச்சிகளுக்கும் புல் பூண்டுகளுக்கும் வழங்கிய பெயர்களை அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். தோட்டங்கள் போய்க்கொண்டிருக்கின்றன, அவற்றில் நடந்தவர்களுக்கும் வயதாகிறது.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் தொலைபேசியில் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். இடையில் இரண்டு முறை நிறுத்தி, "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். அவ்விரு சொற்களையும் மாற்றிவிட்டேன். இறுதியில், "பின்னால இன்னும் மரம் நிக்குது. அடுத்த லீவுக்கு வரும்போது பெரிய விளக்கா எடுத்துட்டு வா. வேட்டியைத் துவைச்சு வச்சிருக்கேன்" என்றார்.